பஞ்சு பட்ட இடம்

அக்கி எழுத வேளார் பெண்சாதி
காருகுறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தாள்.
காவியைக் குழைத்து என் இடது விலாவில் ஒரு சிங்கம் வரைந்தாள்.
வால் முதுகெலும்பில்.
வாய், மார்புக்குக் கீழே, திறந்தபடி.
கொப்புளமெல்லாம் பதினெட்டாம் நாள் உதிர்ந்தன.
சிங்கம் கரைந்து கன்னடியன் கால்வாயோடு போனது.
வாய் மட்டும் அங்கேயே இருந்துவிட்டது.

ரவிக்கை தைக்கிறவள் நான்.
வீரவநல்லூர் ஸ்டேஷன் பக்கம், இருபத்தாறு வருஷம்.
ஊரில் பாதிப் பெண்களின் சுற்றளவு எனக்கு மனப்பாடம்.
இப்போது என் ரவிக்கையை நான் போட முடியவில்லை.
போட்டால்
தேய்ப்புப்பெட்டியை வைத்துவிட்டு
யாரோ எடுக்க மறந்த மாதிரி.
ஃபேன் காற்றுக்கும் அப்படித்தான்.

"புண்ணு ஆறி ரெண்டு மாசமாச்சு, இன்னும் என்ன வலி?
நடிக்கா" என்றாள் நாத்தனார் இசக்கித்தாய்
அடுப்படியிலிருந்து, எனக்குக் கேட்கும்படி.
கோபம் வரவில்லை.
கண்ணாடியில் பார்த்தால் வெறும் தோல்தானே,
தேமல் போல நாலு தடம்.
ராத்திரியில் நானே என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் ரிஸ்வானா, என் மகள் வயசு,
கண்ணை மூடச் சொன்னார்.
முதலில் ஊசியால் தொட்டாராம். எனக்குத் தெரியவில்லை.
பிறகு ஒரு துளிப் பஞ்சு.
கட்டிலைவிட்டு எழும்பிவிட்டேன்.
ஊசியோடு பிழைக்கிறவள்
பஞ்சுக்குக் கத்தினேன்.

"நடிக்கலைம்மா நீங்க" என்றார்.
அந்த வார்த்தையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

எட்டு வயசில் எனக்கு அம்மை வார்த்திருந்தது.
மூன்று தண்ணீர் ஊற்றி, வேப்பிலை கட்டி, அனுப்பிவைத்தோம்.
போகவில்லையாம்.
ஒரு நரம்பின் வேரில் போய்ச் சுருண்டு
நாற்பத்திநாலு வருஷம் படுத்திருந்ததாம்,
நான் பூப்பெய்தியபோதும், இரண்டு பிள்ளை பெற்றபோதும்
முதுகுக்குள் ஒருத்தி மூச்சுவிடாமல்.
எழுந்தபோது அந்த ஒரு நரம்பின் வழியே நடந்து வந்திருக்கிறாள்,
நெஞ்சுக்குழிவரை. அதற்குமேல் இல்லை.
"நடுக்கோட்டைத் தாண்டாது" என்றார் டாக்டர்.
அந்தக் கோடு எனக்குத் தெரியும்.
துணியை இரண்டாய் மடித்து நான் சாக்கட்டி இழுக்கும் கோடு.

விரலில் ஊசி ஏறினால்
கை முதலில் விலகும், பிறகுதான் நமக்குத் தெரியும்.
அந்த உத்தரவு தலைவரை போவதில்லையாம்,
முதுகிலேயே கையெழுத்தாகிவிடுமாம்.
அப்புறம் சுருக்கென்று ஒன்று, நிற்காமல் போகும் வண்டி.
பின்னாலேயே எரிச்சல், செங்கோட்டை பாசஞ்சர்,
ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று.
இடித்த முழங்கையைத் தேய்த்தால் கேட் மூடும்;
வலி அந்தப் பக்கமே காத்துக்கிடக்கும்.
எனக்கு அந்தக் கேட் உடைந்துபோயிருக்கிறது.
தொட்டதெல்லாம் உள்ளே வருகிறது
வலி என்ற ஒரே பெயரில்.

மாத்திரை தூக்கத்தைத்தான் தருகிறது.
நேற்று ஒரு கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு என் ரவிக்கையைக் கழற்றி, தையல் வெளியே தெரிய
மாற்றிப் போட்டேன்.
முழுசாய் இல்லை. ஆனாலும்
கொஞ்சம்.

இன்று பொன்னுக்கிளி டீச்சர் வந்தாள்,
தீபாவளி ரவிக்கையோடு, மூன்றாவது தடவை.
"அளவெல்லாம் சரிதான் கோமு. இங்ஙன என்னமோ குத்துது.
வீட்டுல சிரிக்காவ."
விரித்து, தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறுகூட இல்லை.
முன்பென்றால் நானும் சிரித்திருப்பேன்,
தண்ணீர் தெளித்துத் தேய்த்து
அதையே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மிஷினிலிருந்து காலை எடுத்தேன்.
பாசஞ்சர் கடந்து போகும்வரை பேச முடியவில்லை.

"கண்ணை மூடுங்க டீச்சர்" என்றேன்.
"எங்ஙனன்னு சொல்லுங்க."